திருப்புட்குழிக்கு எவ்ளோ மார்க்கு

உமாபதி: ...அதனாலதான்க்கா சொல்றேன், செவிலிமேடு அவுட்டு. மார்க்கே கெடையாது.

அம்சவேணி: போன ஞாயித்துக்கெழம அதுக்கு எம்பது மார்க்கு போட்டியேடா. பாலாத்து மணல்ல கைய வுட்டாலே தண்ணி ஊறுதுன்னு குதிச்ச.

உமாபதி: தண்ணி ஓகே. ஆனா டவுனோட ஒட்டிக்கினு இருக்குதே. டிசம்பர் முப்பத்தொண்ணு ராத்திரி கரெண்டு போவுதுன்னு வெச்சுக்கோ. விடிஞ்சா மொத்த காஞ்சிபுரமும் கொடத்த தூக்கிக்கினு அங்கதான் வந்து நிக்கும்.

அம்சவேணி: நிக்கட்டுமே. ஆத்து மணலு இன்னா நம்ம சித்தப்பா சொத்தா?

உமாபதி: நீ வெளையாட்டா எடுத்துக்கற...

அம்சவேணி: நீ மொதல்ல ரோட்ட பாரு. அந்த லாரிக்காரன் ஒரசிக்கினு போறான். ரெண்டாயிரம் பொறக்குறதுக்கு முன்னாடியே நம்பள அனுப்பி வெச்சுடுவான் போல.

உமாபதி: டிவிஎஸ் பிப்டில இதுக்கு மேல ஓரமா போவணும்னா பள்ளத்துலதான் எறங்கணும். நல்லா புடிச்சுக்கோ.

அம்சவேணி: சரி, அந்த கம்ப்யூட்டர் கதைய இன்னொரு தபா சொல்லு. காலைல சித்தி கேட்டாங்க, அக்காவும் தம்பியும் வாராவாரம் எங்கதான் போறீங்கன்னு. எனக்கு சொல்லத் தெரில.

உமாபதி: எத்தன தபா சொல்றது... கம்ப்யூட்டருக்குள்ள வருஷத்த முழுசா எழுதி வெக்கல. கடைசி ரெண்டு நம்பர் மட்டும்தான் இருக்குது. தொண்ணூத்தி ஒம்போது முடிஞ்சா சைபர் சைபர். அது பாட்டுக்கு ஆயிரத்து தொள்ளாயிரம்னு நெனச்சுக்கும்.

அம்சவேணி: நெனச்சுக்கட்டுமே.

உமாபதி: நெனச்சா கரெண்டு ஆபீஸ் நிக்கும், பேங்க் நிக்கும், ரயிலு நிக்கும், பறந்துக்கினு இருக்குற ப்ளேனு கீழ வுழும்னு புக்ல போட்டிருக்கான்க்கா. எங்க கம்ப்யூட்டர் சென்டர்ல இன்டர்நெட்டுலயும் பாத்தேன். அமெரிக்காவுல ஜனங்க மலைப்பக்கம் நெலம் வாங்கினு போய் ஒக்காந்துட்டாங்க. எந்த ஜில்லா நல்ல ஜில்லா, எங்க தண்ணி, எங்க கூட்டம் வராதுன்னு ஒக்காந்து அலசுறான்.

அம்சவேணி: ஆயிரத்து தொள்ளாயிரத்துலயும் நம்ம ஆளுங்க பொடவ நெய்ஞ்சுக்கினுதானடா இருந்திருப்பாங்க? கரெண்டா இருந்துச்சு?

உமாபதி: அதான் பாயிண்டு! அவங்களுக்கு கொல்லைல கெணறு இருந்துச்சு, மாடு இருந்துச்சு, குதிர்ல நெல்லு இருந்துச்சு. நமக்கு இன்னா இருக்குது? மோட்டாரு இருக்குது, மேல ஒரு டேங்கு இருக்குது. மோட்டாரு நின்னா டேங்கு வெறும் தொப்பிதான்.

அம்சவேணி: ம்... இது மட்டும் கொஞ்சம் ஞாயமா இருக்குது.

உமாபதி: நம்ம டவுன யோசிச்சு பாரு. பட்டு பெங்களூர்ல இருந்து வருது, ஜரிகை சூரத்துல இருந்து வருது, அரிசி நெல்லூர்ல இருந்து வருது. வாங்குறவன் மெட்ராஸ்ல இருந்து வரான். நம்மளுதுன்னு அங்க இன்னா இருக்குது, சொல்லு?

அம்சவேணி: கையி.

உமாபதி: கைய வெச்சுக்கினு பசிச்சா கடிச்சுக்கறதா?

அம்சவேணி: அதுசரி, ஒலகமே நின்னு போச்சுன்னா எங்கிட்ட பொடவ யாருடா வாங்குவா?

உமாபதி: அது... அதையும் யோசிச்சேன். கல்யாணம் நிக்குமா? நிக்காது. ரெண்டு மூட்ட நெல்ல குடுத்து ஒரு முகூர்த்தப் பொடவ வாங்கினு போவான்.

அம்சவேணி: எல்லாத்துக்கும் பதிலு வெச்சிருக்க. மத்த ஊருங்க இன்னா ஆச்சு? வாலாஜாபாத்து?

உமாபதி: ரயிலு ஸ்டேஷன் இருக்குது. கூட்டம் எறங்கும். அவுட்டு. தாமல்ல ஏரி கடலாட்டம் கெடக்குது, ஆனா மெயின் ரோட்ட பாத்துக்கினு கெடக்குது. உத்திரமேரூரு நல்ல ஊரு, நெல்லு, ஏரி, எல்லாம் ஜாஸ்தி. ஆனா தனியா இருக்குற பொம்பளைக்கு... அதாவது, நமக்கு அங்க ஒரு ஆளையும் தெரியாது.

அம்சவேணி: ம்.

உமாபதி: ஆரணிப் பக்கம் கூட...

அம்சவேணி: ஆரணி வேணாம்.

உமாபதி: தெரியும்க்கா. ஒன்ன திருப்பி அனுப்பினவங்க இருக்குற ஊரு நமக்கு எதுக்கு. அதுக்கு நா மார்க்கே பாக்கல.

அம்சவேணி: ...வண்டிய நிதானமா ஓட்டு.

உமாபதி: கோவமா?

அம்சவேணி: கோவம் இல்ல. காத்துல கண்ணு எரியுது. கீழம்பி தாண்டிட்டமா?

உமாபதி: தாண்டியாச்சு. தோ, இன்னும் கொஞ்ச தூரம். கேளு, இன்னிக்கு முடிவு பண்ணியாவணும். வூட்டுக்காரரு பேரு பரசுராமன். சாயந்திரம் வரைக்கும்தான் டைம் குடுத்திருக்காரு. நீ சரின்னு சொன்னா மார்கழி பொறக்குறதுக்குள்ள தறிய பிரிச்சு வண்டில ஏத்திடலாம். வேணாம்னா இதோட வுட்டுடலாம். ஒன் கைலதான் இருக்குது.

அம்சவேணி: இந்த ஊரு எப்படி ஒன் கணக்குல வந்துச்சு? இதுவும் மெயின் ரோட்டுக்கு கிட்டதானே? மெட்ராஸ்காரன் கார எடுத்துக்கினு பெங்களூர் ரோட்டுல ஓடி வருவான், பெட்ரோல் தீந்த எடத்துல எறங்குவான்னு நீதான சொன்ன.

உமாபதி: நம்ம தெரு சிட்டிபாபுதான் சொன்னான். அவன் சம்சாரம் வழில தெரிஞ்சவங்க வூடாம், பூட்டியே கெடக்குதாம். ரோட்டுல இருந்து உள்ள தள்ளி இருக்குது. ரோட்டுல போறவன் கண்ணுக்கு படாது.

அம்சவேணி: சிட்டிபாபு சொன்னானா... சரி, சரி.

உமாபதி: தோ, லெப்ட்ல ரெண்டு வழி போவுது. இரு, அந்த டீக்கடைல கேட்டுக்கினு...

அம்சவேணி: கேக்க வேணாம். மொத வழில போ. அப்பால கொளத்து ஓரமாவே திரும்பு.

உமாபதி: ஒனக்கு எப்படி தெரியும்?

அம்சவேணி: கோபுரம் தெரியுதுல்ல. கோயில் இருந்தா கொளம் இருக்கும், கொளம் இருந்தா தெரு இருக்கும். இதுக்கு கம்ப்யூட்டர் படிக்கணுமா?

உமாபதி: பரவால்லயே... கொளம் நெறைய தண்ணி. பாத்தியா? இதுக்கே இருவது மார்க்கு.

அம்சவேணி: ஐப்பசி அடிச்ச மழை. எந்த கொளத்துலதான் தண்ணி இல்ல இப்போ?

உமாபதி: எறங்கு, வண்டிய நெழல்ல போடுறேன். வயலு பாரு, பச்சப்பசேல்னு. இங்க வந்துட்டா வெதையும் சேத்து வெக்கணும்க்கா. கத்திரி, வெண்ட, அவர... சாப்பிடுற பருப்பு வேற, வெதைக்கிற பருப்பு வேற. அதுல ஏமாந்தா அவ்ளோதான்.

அம்சவேணி: இந்த ஊர்ல வறுத்த பயிறே மொளைக்குமாம்.

உமாபதி: இன்னாது?

அம்சவேணி: புள்ள இல்லாதவங்க வருவாங்க. பயிற வறுத்து ஊற வெச்சு, ஈரத்தோட மடியில கட்டிக்கினு கோயில் பக்கத்துல ராத்திரி படுப்பாங்க. காலைல அவுத்து பாத்தா மொள விட்டிருக்கணும். வுட்டிருந்தா புள்ள பொறக்கும்.

உமாபதி: வறுத்தது எப்படிக்கா மொளைக்கும்?

அம்சவேணி: சிலருக்கு மொளைக்குதாம்.

உமாபதி: மொளைக்காதவங்க?

அம்சவேணி: வூட்டுக்கு போயி வேற வேலைய பாக்க வேண்டியதுதான். தோ, ஒரு பெரியவரு கதவு தெறந்து வெச்சுக்கினு நிக்கிறாரு. அவரா?

பரசுராமன்: வா தம்பி, வா. வாங்கம்மா. வெய்யில்ல வந்திருக்கீங்க, மோரு குடிக்கிறீங்களா?

உமாபதி: அப்புறம் குடிக்கிறோம் ஐயா. இவங்கதான் எங்க அக்கா, அம்சவேணி. தறியில ஒக்காந்தா இவங்கள அடிச்சுக்க எங்க தெருவுல ஆள் கெடையாது.

அம்சவேணி: சும்மா இருடா. வணக்கம் ஐயா.

பரசுராமன்: வணக்கம்மா. ஒங்கள எங்கியோ பாத்த மாதிரி இருக்குது...

அம்சவேணி: பெரிய காஞ்சிபுரத்துல பட்டுக்கடைக்கு வந்திருப்பீங்க. அங்க பாத்திருப்பீங்க.

பரசுராமன்: இருக்கும், இருக்கும். எம் பையன் அரக்கோணத்துல ரயில்வே வேல, குடும்பத்தோட அங்க போயிட்டான். வூடு சும்மா கெடக்குது. உள்ள வாங்க. ஓடு எல்லாம் போன வருஷம்தான் மாத்தினேன். இந்த பெரிய ரூம்புல வெளிச்சம் நல்லா வரும். குழி தோண்டி தறி எறக்கலாம், நா ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

அம்சவேணி: ரெண்டு தறி எறங்குமா?

உமாபதி: ரெண்டு எதுக்குக்கா?

அம்சவேணி: சும்மா கேட்டு வெக்கறேன்.

பரசுராமன்: ரெண்டு தாராளமா எறங்கும். பின்னாடி வாங்க. தோ கெணறு. தம்பி போன வாரமே எட்டி எட்டி பாத்துச்சு. தண்ணி இனிக்கும்மா.

அம்சவேணி: சித்திரையில?

பரசுராமன்: சித்திரையிலயும் இனிக்கும். கயிறு மட்டும் கொஞ்சம் நீளமா வேணும்.

உமாபதி: வத்தாதுல்ல ஐயா?

பரசுராமன்: வத்தினது இல்ல. சேந்துறவங்க பெருமூச்சு வுட்டிருக்காங்க, அவ்ளோதான். ஆங், தம்பி, நீ கேட்டியே, தறியில கூட ஒக்காந்து கோர்வ போட ஆளு. நம்ம கலியன் பொண்ணு இருக்குது, மேலண்டக் கோடி வூடு. இப்பதான் கத்துக்கினு இருக்குது, ஆனா சுறுசுறுப்பு. அக்காவுக்கு தொணையாவும் படுத்துக்கும், கேட்டு வெச்சுட்டேன்.

உமாபதி: ஐயா, அது அப்புறம் பேசிக்கலாம்...

அம்சவேணி: போன வாரம் வந்தானா இவன்?

பரசுராமன்: வந்துச்சேம்மா. வெளக்கமா கேட்டுச்சு. டாக்டரு எவ்ளோ தூரம், ராத்திரி நாய்த்தொல்ல உண்டா, ஒரு அவசரம்னா பக்கத்து வூட்டுல கதவ தட்டலாமா... எம் பொண்ண கட்டிக் குடுத்தப்ப நானே இவ்ளோ கேக்கல.

உமாபதி: ஐயா, மோரு சொன்னீங்களே...

பரசுராமன்: தோ, கொண்டாந்துடறேன். அம்மா, நா ஒண்ணு சொல்லிடறேன். சாயந்திரம் ஒருத்தர் வர்றாரு, கோழித்தீவனம் அடுக்கி வெக்க வூடு வேணுங்கறாரு. எனக்கு மூட்ட அடுக்குறத விட, சாயந்திரம் ஒரு வெளக்கு எரிஞ்சா நல்லா இருக்கும்னு தோணுது. ஆனா வாக்கு குடுத்துட்டா மாத்த மாட்டேன். நா போயி மாட்ட நெழல்ல கட்டிட்டு மோரு எடுத்தாறேன். அதுக்குள்ள அக்காவும் தம்பியும் பேசி முடிங்க.

அம்சவேணி: சரிங்கய்யா.

உமாபதி: ...நல்ல மனுஷன்ல? கெணத்துக்கு நா முப்பது மார்க்கு போடுறேன். முருங்க மரம் இருக்குது, மாடு கட்ட எடம் இருக்குது...

அம்சவேணி: உமாபதி.

உமாபதி: சொல்லுக்கா.

அம்சவேணி: எத்தன வயசுல இருந்துடா நீ எனக்கு கோர்வ போடுற?

உமாபதி: அது... பத்து வயசு இருக்கும். அப்பா இருந்தப்போ.

அம்சவேணி: ஒடம்புக்கு ஒரு கலரு, கரைக்கு ஒரு கலரு. நா நூல் சுத்தின ஒடம்பு நாடாவ தள்ளுவேன், நீ வலது பக்கம் ஒக்காந்துக்கினு கரை நாடாவ தள்ளுவ. ரெண்டும் பின்னினாதான் பொடவ. ரெண்டு ஆளு இல்லாம அது ஆவுமா?

உமாபதி: ஆவாது.

அம்சவேணி: இந்த வூட்டுக்கு ரெண்டு பேருமா வரப் போறோம். அப்போ கோர்வைக்கு கலியன் பொண்ணு எதுக்குடா? எனக்கு தொணையா படுத்துக்க இன்னொரு ஆளு எதுக்கு?

உமாபதி: நா டவுனுக்கு போவ வேண்டியிருக்கும்ல, சென்டர்ல கிளாசு இருக்குது, அப்போ...

அம்சவேணி: கரெண்டு இல்லாத டவுன்ல எந்த கம்ப்யூட்டருக்குடா கிளாசு எடுக்கப் போற?

உமாபதி: தண்ணி எவ்ளோ தெளிவா இருக்குது பாரேன்க்கா.

அம்சவேணி: கெணத்துக்குள்ள பாத்துக்கினு நிக்காத. என்ன பாரு.

உமாபதி: சிங்கப்பூர்ல வேலக்கா. கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்குற கம்பெனி. சென்டர் சாரோட தம்பி அங்க இருக்காரு, அவரு சொல்லி விட்டது. ரெண்டு வருஷம்.

அம்சவேணி: எப்போ?

உமாபதி: ஜனவரி மூணாந்தேதி.

அம்சவேணி: எதுல போற?

உமாபதி: எதுலன்னா...

அம்சவேணி: நடந்தா? நீந்திக்கினா?

உமாபதி: ...ப்ளேன்லதான்.

அம்சவேணி: ப்ளேனெல்லாம் கீழ வுழும்னு மூணு மாசமா தெருவுல ஒரு ஆள தூங்க வுடல நீ. சித்தப்பா ஒன் பேச்ச கேட்டு மண்ணெண்ண வாங்கி கட்டிலுக்கு அடியில வெச்சுக்கினு நாத்தம் தாங்காம வெளிய படுக்குறாரு.

உமாபதி: ஒண்ணாந்தேதி, ரெண்டாந்தேதி பாத்துட்டுதான் போவேன். வுழுந்தா போவ மாட்டேன்.

அம்சவேணி: சிரிப்பு வருதுடா.

உமாபதி: சிரி. ஆனா நா பொய் சொல்லலக்கா. பாதி நெஜமாவே பயமா இருக்குது. மீதி... அத எப்படி சொல்றது. நா ஊர்ல இல்லாதப்போ கரெண்டு நின்னா இன்னா, நிக்கலன்னா இன்னா. ஒனக்கு எல்லாம் நின்ன மாதிரிதானே. வலது பக்கம் ஆளு இருக்காது. சித்தப்பா வூட்டுல ஒன்ன வுட்டுட்டு போவ மனசு வரல.

அம்சவேணி: சித்தப்பா ஒரு வார்த்த சொன்னது இல்ல.

உமாபதி: அதான்க்கா. யாரும் ஒண்ணும் சொல்றது இல்ல. நீ சாப்பிட ஒக்காந்தா எல்லாரும் கொஞ்சம் நகர்ந்து எடம் குடுக்குறாங்க. நாலு வருஷமா நகர்ந்துக்கினே இருக்காங்க. விருந்தாளிக்கு குடுக்குற மாதிரி.

அம்சவேணி: ...நீயும் கவனிச்சியா?

உமாபதி: அதான் ஊரு பாத்தேன். நல்ல கெணறு, நல்ல அக்கம்பக்கம், கைக்கு எட்டுற மாதிரி ஒரு காய்கறி. நா இல்லாம நீ இருக்க முடியுற ஊரா வேணும்னு. அத வெளிய சொன்னா நீ வண்டில ஏற மாட்ட. ஒலகம் நிக்கப் போவுதுன்னா ஏறுவ.

அம்சவேணி: நல்லா கண்டுபுடிச்ச போ.

உமாபதி: எப்ப சொல்றதுன்னே தெரிலக்கா. தெனம் தறியில ஒக்காரும்போது இன்னிக்கு சொல்லிடலாம்னு பாப்பேன். நீ நாடாவ தள்ளிடுவ, நா வாங்கணும், அதோட போயிடும்.

அம்சவேணி: நீ சொல்லத் தேவையில்ல. எனக்கு ஆவணியிலயே தெரியும்.

உமாபதி: இன்னாது?

அம்சவேணி: பாஸ்போர்ட்டு விசாரிக்க போலீஸ்காரரு வந்தாரு. நீ சென்டர்ல இருந்த, சித்தப்பா நெசவு சொசைட்டிக்கு போயிட்டாரு. பையன் எப்படின்னு கேட்டாரு. கொஞ்சம் லூசு, மத்தபடி தங்கம்னு சொன்னேன். சிரிச்சுக்கினே எழுதிக்கினு போனாரு.

உமாபதி: அப்போ... தெரிஞ்சுக்கினேதான் மூணு மாசமா என் பின்னாடி ஒக்காந்து ஊர் ஊரா வந்தியா?

அம்சவேணி: வந்தேன்.

உமாபதி: ஏன்க்கா? ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல. நா பாட்டுக்கு டேங்கு, தொப்பின்னு ஒளறிக்கினு... சரி வுடு. நா போவல.

அம்சவேணி: இன்னா?

உமாபதி: போவல. இப்படி ஏமாத்தி ஒன்ன ஒரு ஊர்ல கொண்டாந்து எறக்கிட்டு போனா எனக்கே நல்லா இல்ல. வூடும் வேணாம், சிங்கப்பூரும் வேணாம். மோரு கொண்டாந்தாருன்னா குடிச்சுட்டு, கோழித்தீவனத்துக்கே குடுத்துடுங்க ஐயான்னு சொல்லிட்டு கெளம்பிடலாம். வா, வாசப்பக்கம் போலாம்.

அம்சவேணி: நீ அப்படி சொன்னா நா வண்டில ஏற மாட்டேன்.

உமாபதி: ஏன்?

அம்சவேணி: இரு. இந்த வாசப்படியில நில்லு. தெருவ பாரு.

உமாபதி: பாத்தேன். தெரு. அந்த கோடியில ஒரு வேப்ப மரம்.

அம்சவேணி: நல்லா பாருடா. நெசவுக்காரன் மாதிரி பாரு.

உமாபதி: நேரா இருக்குது... அடேங்கப்பா. ஒரு வளைவு கூட இல்ல. தறிக்கு ஏத்துற பாவு நூல நீட்டினா கோடி வரைக்கும் போவும். மரமும் நெழலுக்கு சரியா நிக்குது.

அம்சவேணி: நீ கெணத்துக்கு மார்க்கு போட்ட, முருங்கைக்கு மார்க்கு போட்ட. பாவு நீட்ட தெருவும், முனைய புடிக்க நாலு கையும் வேணுமே, அதுக்கு எந்த ஊருக்காவது மார்க்கு போட்டியா?

உமாபதி: ...மறந்துட்டேன். நம்ம தெருவுல விடியக்காலைல அவங்கவங்களா வந்து புடிப்பாங்க. அது ஒரு விஷயமாவே தோணல.

அம்சவேணி: அதுதான் விஷயம். யாரு தயவும் வேணாத ஊரு தேடினியே, அங்க ஒரு பாவு கூட நீளாது.

உமாபதி: இங்க மட்டும் யாரு வந்து புடிப்பாங்க?

அம்சவேணி: மேலண்டப் பக்கம் தறி வூடுங்க இருக்குது. காலைல இந்த தெருவுலதான் நீட்டுவாங்க.

உமாபதி: ஒனக்கு எப்படி... இரு. நா தெரியாத மாதிரி வழி கேக்கப் போனேன், நீ கேக்காமலே திரும்பச் சொன்ன. அந்த பெரியவரு ஒன்ன எங்கியோ பாத்தேங்கறாரு. அக்கா, நீ இந்த ஊருக்கு முன்னாடியே வந்திருக்கியா? அந்த வறுத்த பயிறு...

அம்சவேணி: என் மாமியாரு கூட்டிக்கினு வந்தாங்க. காலைல மடிய அவுத்து பாத்தா, கட்டினப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே இருந்துச்சு. அவங்க கொளத்துக்கு குளிக்க போனாங்க. நா இப்படியே நடந்து வந்தேன். எங்க போறேன்னு தெரில. தோ, அந்த எடத்துல வந்து நின்னேன்.

உமாபதி: எந்த எடத்துல?

அம்சவேணி: அந்த வெளக்கு கம்பம். பாவு நீட்டிக்கினு இருந்தாங்க. அரக்கு கலரு. சூரியன் அப்பதான் வருது, தெரு முழுக்க ஒரே செவப்பு. ஒரு பக்கம் ஆளு கொறையுது போல. இந்த பெரியவருதான் கூப்டாரு. யம்மா, சும்மாதான நிக்கிற, அந்த முனைய கொஞ்சம் புடின்னு.

உமாபதி: நீ இன்னா பண்ண?

அம்சவேணி: புடிச்சேன். யாரு நீ, எந்த ஊரு, எத்தன புள்ளன்னு ஒருத்தர் கேக்கல. இழுத்து புடிம்மா, கொஞ்சம் எறக்கும்மான்னாங்க, அவ்ளோதான். முடிச்சதும் போயிட்டேன். அன்னிக்கு சாயந்திரமே ஆரணியில இருந்து என்ன நம்ம வூட்டுல கொண்டாந்து வுட்டாங்க.

உமாபதி: அக்கா... இத ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?

அம்சவேணி: சொன்னா இந்த ஊரு ஒனக்கு கசந்து போயிடும். ஆரணிக்கு பண்ண மாதிரி மார்க்கே பாக்க மாட்ட.

உமாபதி: நா எப்படி பாத்தா ஒனக்கு இன்னா? சிட்டிபாபு மட்டும் சொல்லலன்னா நா இந்தப் பக்கமே வந்திருக்க...

அம்சவேணி: சிட்டிபாபுக்கு யாரு சொன்னாங்க?

உமாபதி: அவன் சம்சாரம்.

அம்சவேணி: அவளுக்கு?

உமாபதி: ...அடிப்பாவி.

அம்சவேணி: தனியா வூடு எடுத்துக்கினு போறேன்னு நா வாய தெறந்தா சித்தப்பா வுடுவாரா? ஊரு வுடுமா? நீதான் மொதல்ல குறுக்க வுழுவ. சிங்கப்பூரையும் வுட்டுட்டு எனக்கு காவலு ஒக்காருவ. தம்பி கம்ப்யூட்டருக்கு பயந்து ஊரு மாறச் சொல்றான்னா, லூசுப் பய, ரெண்டு மாசம் போய் இருந்துட்டு வரட்டும்னு வுட்டுடுவாங்க. அதான் பின்னாடி ஒக்காந்துக்கினு, நீ இந்த ஊருக்கு வர்ற வரைக்கும் எல்லா ஊரையும் கொற சொல்லிக்கினு வந்தேன்.

உமாபதி: செவிலிமேட்ட நாந்தான் அவுட்டுன்னு சொன்னேன்...

அம்சவேணி: கூட்டம் வருமேடான்னு மொதல்ல இழுத்தது யாரு?

உமாபதி: நீதான்... சரி, கோர்வைக்கு? கலியன் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாதாம். என் எடத்துல யாரு ஒக்காருவா?

அம்சவேணி: எதுத்த வூட்டு தில்லையம்மாள். நீ சாயந்திரம் கிளாசுக்கு போனதும் வந்து ஒக்காந்துடுவாங்க, ஆவணியில இருந்து. போன மாசம் நீ சொசைட்டில குடுத்துட்டு வந்தியே மாம்பழக் கலரு, எப்பவும் இல்லாத நேர்த்தி கரையில இருக்குதுன்னு நீயே தடவி தடவி பாத்தியே, அது நீ போட்ட கோர்வ இல்ல. அவங்களும் எங்கூட வர்றேன்னுட்டாங்க, ரெண்டாவது தறி அவங்களுது, கலியன் பொண்ணு அதுல கத்துக்கட்டும்... தோ, பெரியவரு மோரு எடுத்துக்கினு வர்றாரு. சீக்கிரம் சொல்லுடா, எல்லாத்தையும் அலசி மார்க்கு போடுற ஆளு நீ. ஒண்ணாந்தேதி கரெண்டும் போவாம, ப்ளேனும் வுழாம, ஒலகம் எப்பவும் போல ஓடிக்கினு இருந்தாலும் நா இங்க வந்து இருந்துக்கலாம்ல? நீ இன்னா நெனைக்கிற?